கானமயிலையும் ஓரிக்ஸையும் கூண்டில் பெருக்கி மறுபடி பாலையில் விடுவது எப்படி

ஜனவரி பிறந்து பங்குனி ஆமை கரையேறத் தொடங்கினால், தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ராத்திரி நடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கட்டாயம் இதைக் கேட்பார்: இங்கே ஆமை முட்டையைப் பாதுகாத்துக் குஞ்சைக் கடலில் விடுகிற மாதிரி ராஜஸ்தானில் கானமயிலுக்கு (கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்கிற பெரிய தரைப்பறவை) செய்கிறார்களே, அதை எப்படிச் செய்கிறார்கள், அந்த வேலைக்கு எப்படிப் போவது? மணலில் நின்றுகொண்டு அரைமணியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதியே வைக்கிறேன். விலங்கியலும் கால்நடை மருத்துவமும் படிக்கிற கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுவது. ஆர்வம் இருக்கிற யாரும் படிக்கலாம்.

ஆரம்பத்திலேயே ஒன்று. இதை வீட்டிலோ பண்ணையிலோ கல்லூரித் தோட்டத்திலோ யாரும் தனியாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. கானமயில், பங்குனி ஆமை இரண்டுமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ஒரு முட்டையைக் கையில் எடுக்கக்கூட வனத்துறை அனுமதி வேண்டும். அப்படி அனுமதி பெற்று நடக்கிற ஒரு திட்டத்தில் சேரப்போகிறவர் எதை எந்த வரிசையில் யோசிக்க வேண்டும், இங்கிருந்தே எதைப் பழகிக்கொண்டு போகலாம் என்பதுதான் கீழே வருவது.

கூண்டைத் திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

ஜோடி சேர்ப்பது, முட்டை, குஞ்சு, அப்புறம் விடுவது என்றுதான் எல்லோரும் வரிசை போடுகிறார்கள். நீங்கள் தலைகீழாகப் போடுங்கள். எந்த மண்ணில் விடப்போகிறோம், அந்த விலங்கு அங்கே எதனால் இல்லாமல் போனது, அந்தக் காரணம் இன்றைக்கும் அங்கே இருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டுத்தான் முதல் கூண்டுக்குக் கம்பி வாங்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரேபிய ஓரிக்ஸின் கதையைப் பாருங்கள். நேரான நீண்ட கொம்பும் வெள்ளை உடம்பும் கொண்ட பாலைவன மறிமான் அது. வேட்டையால் குறைந்துகொண்டே வந்ததால், 1962ல் ஒரு குழு தென் அரேபியாவுக்குப் போய் மிஞ்சியதில் சிலவற்றைப் பிடித்தது. அவற்றோடு லண்டன் மிருகக்காட்சிசாலையும் குவைத்தும் சவுதி அரேபியாவும் கொடுத்தவற்றைச் சேர்த்து, மொத்தம் ஒன்பதே விலங்குகளை வைத்து அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் மந்தையைத் தொடங்கினார்கள். அரிசோனாவின் வெயிலும் வறட்சியும் அவற்றுக்கு ஒத்துப்போனது. 1972ல் ஓமனில் கடைசிக் காட்டு ஓரிக்ஸும் சுடப்பட்டது. பத்து வருஷம் கழித்து, 1982 ஜனவரியில், ஓமனின் ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில் கூண்டுக் கால்வழியில் வந்தவற்றைத் திறந்துவிட்டார்கள். பெருகின. 1990களின் நடுவில் 400ஐத் தாண்டிவிட்டன. உலகமே கொண்டாடியது, 1994ல் அந்த இடம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

1996லிருந்து மறுபடி திருட்டு. இந்தத் தடவை இறைச்சிக்காக இல்லை, தனியார் சேகரிப்புகளுக்கு விற்க உயிரோடு பிடித்தார்கள், அதிலும் பெண் விலங்குகளைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். சில வருஷத்தில் மந்தை உடைந்துபோய், 2007 வாக்கில் 65தான் மிச்சம் என்ற நிலை. காப்பிடத்தின் பரப்பையும் 90 விழுக்காடு குறைத்துவிட்டதால் யுனெஸ்கோ அந்த இடத்தையே பட்டியலிலிருந்து நீக்கியது. உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து ஓர் இடம் நீக்கப்பட்டது அதுதான் முதல் முறை. கூண்டில் செய்த வேலையில் ஒரு குறையும் கிடையாது. பெருக்கினார்கள், பழக்கினார்கள், விட்டார்கள், காட்டிலேயே குட்டி போட்டது. மனிதன் பிடிக்கிறான் என்ற பழைய காரணம் வேறு வேஷத்தில் திரும்பி வந்தது, அவ்வளவுதான். மற்ற நாடுகளிலும் மந்தைகள் இருந்ததால் அந்த இனம் தப்பித்தது. 2011ல் அழிவு அபாயப் பட்டியலில் அதன் நிலை ஒரு படி முன்னேறியதாகவும் அறிவித்தார்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள் என்பதையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

கழுகுகளில் இந்த வரிசையைச் சரியாகப் பிடித்தார்கள். பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததற்கு மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசிமருந்து காரணம் என்று தெரிந்ததும், 2006ல் அதைக் கால்நடைக்குப் பயன்படுத்துவதற்குத் தடை வந்தது. ஹரியானாவின் பிஞ்சோரில் கூண்டில் வளர்த்த கழுகுகளை வெளியே விட்டது அதற்குப் பல வருஷம் கழித்துத்தான்.

கானமயிலுக்கு வருவோம். காட்டில் 150க்கும் குறைவாகத்தான் இருக்கின்றன, அதில் பெரும்பகுதி ஜெய்சால்மர் பக்கம். ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டிலும் திரிந்த பறவை என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. இன்று அதன் பெரிய எமன் மின்கம்பி. ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும், பறக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது, கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. காற்றாலை, சூரிய மின்நிலையங்களிலிருந்து வரும் கம்பிகளில் மோதிச் சாகிறது. இந்தக் கம்பிகளை மண்ணுக்கடியில் போடச் சொல்லி 2021ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2024ல் அதை மாற்றி நிபுணர் குழு அமைத்தது. ஒரு குஞ்சு பொரிந்தது என்று பேப்பரில் படம் வருகிற அன்று நாம் சந்தோஷப்படுகிறோம், சரி. அந்தக் குஞ்சு பறக்கப்போகும் வானத்தில் எத்தனை கம்பி என்பதையும் அதே அக்கறையோடு கேட்கப் பழகுங்கள்.

இங்கே பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியில் பஸ் ஏறி ஈசிஆர் வழியாகச் சென்னை போனால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வரும். 1976ல் தொடங்கியது. முதலை அழிந்துவிடுமோ என்ற பயத்தில் பெருக்கினார்கள், அது ஆயிரக்கணக்கில் பெருகியது. ஆனால் அவ்வளவையும் விடுவதற்கு ஆறும் ஏரியும் எங்கே இருக்கிறது? அங்கே போனால் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பாமல் இதையும் யோசித்துப் பாருங்கள்.

யாரோடு யாரைச் சேர்ப்பது

ஒன்பது ஓரிக்ஸில் தொடங்கிய மந்தை என்றேன். அப்படிக் குறைந்த எண்ணிக்கையில் ஆரம்பிக்கும்போது, மூன்றாவது தலைமுறைக்குள் எல்லாமே பங்காளிகள் ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு விலங்குக்கும் தாய் யார், தகப்பன் யார், எப்போது பிறந்தது, எங்கே போனது என்று வம்சாவளிப் பதிவேடு எழுத வேண்டும். ஸ்டட்புக் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு, மந்தையில் யாருக்குச் சொந்தக்காரர்கள் குறைவோ அவர்களை முதலில் சேர்ப்பார்கள். நன்றாக முட்டையிடுகிறது, சாதுவாக இருக்கிறது என்று ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்பச் சேர்த்தால் எண்ணிக்கை சீக்கிரம் ஏறும், உள்ளே இருக்கிற மரபணு வளம் குறைந்துகொண்டே போகும். தொடக்கத்தில் இருந்த மரபணு வேறுபாட்டில் 90 விழுக்காட்டையாவது 100 வருஷத்துக்குக் காப்பாற்ற வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு. சாதுவான விலங்கையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போவதில் இன்னொரு ஆபத்து, நமக்கே தெரியாமல் அதை வீட்டுப் பிராணி ஆக்கிவிடுவோம்.

முட்டை

இதுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் கை பழகிக்கொண்டு போகக்கூடிய இடம், அதனால் கொஞ்சம் விரிவாக.

பங்குனி ஆமையின் கூடு கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர் ஆழத்தில் குடுவை மாதிரி இருக்கும், உள்ளே சுமார் 100 முட்டை. வனத்துறை ஆட்களோடு போய் எடுக்கும்போது பாருங்கள்: மேல் மணலை விரல் நுனியால்தான் விலக்குவார்கள், கரண்டி கிடையாது. ஈர மணல் தட்டுப்பட்டு, அதற்குக் கீழே விரல் லேசாக உள்ளே போனால் முட்டை வந்துவிட்டது என்று அர்த்தம். ஓடு தோல் போல இருக்கும், அழுத்தினால் குழி விழும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி எடுத்துப் பையில் வைக்க வேண்டும், கூட்டு மணலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும், முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். நேரமானால் உள்ளே கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, அதுதான் கொடுமை. 45லிருந்து 60 நாள் கழித்துத்தான் தெரியும்.

பறவை முட்டைக்கு நேர் எதிர். அதைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிச் செத்துவிடும். கானமயில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் தரையில், நாயும் நரியும் உடும்பும் எட்டுகிற இடத்தில். அதனால் 2019லிருந்து ஜெய்சால்மர் பக்கம் சாம் என்ற இடத்தில், இந்திய வன உயிரின நிறுவனமும் ராஜஸ்தான் வனத்துறையும் மத்திய அரசும் சேர்ந்து, காட்டு முட்டைகளை அனுமதியோடு எடுத்து வந்து இன்குபேட்டரில் பொரிக்க வைக்கிறார்கள். பிறகு ராம்தேவ்ராவிலும் ஒரு மையம் வந்தது.

இன்குபேட்டரில் எல்லோரும் சூட்டைத்தான் பார்ப்பார்கள். ஈரப்பதமும் அதே அளவுக்கு முக்கியம். பறவை முட்டை அடைகாக்கும் காலத்தில் ஓட்டின் நுண்துளை வழியாகத் தண்ணீரை இழந்துகொண்டே வரும். பொரிக்கும் நேரத்தில் தொடக்க எடையில் சுமார் 15 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் உள்ளே நீர் கோத்துக் குஞ்சு மூச்சுக்குத் திணறும், ரொம்பக் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு, கோடு எப்படி இறங்குகிறது என்று பார்த்து, ஈரப்பதத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள். கடலூர்க் காற்றில் இருக்கிற ஈரம் வேறு, ஜெய்சால்மர் காற்று வேறு. ஒரு இடத்தில் சரியாக வந்த அளவை இன்னொரு இடத்தில் அப்படியே வைத்தால் முட்டை வீணாகும். நாட்டுக்கோழி முட்டையை வைத்து இதையெல்லாம் பழகலாம்: வாங்கி எடை போடுங்கள், இருட்டறையில் டார்ச் வெளிச்சத்துக்கு மேல் பிடித்து ரத்த நாளம் ஓடுகிறதா, காற்றறை எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்த்துப் பென்சிலால் ஓட்டின் மேல் குறித்து வையுங்கள். நூறு கோழி முட்டை பார்த்த கண்ணுக்குத்தான் ஒரு கானமயில் முட்டையில் என்ன தப்பு என்று தெரியும்.

பொரிந்த பிறகு

குஞ்சு முதலில் பார்க்கும் முகத்தை அம்மா என்று எடுத்துக்கொள்ளும். ஆள் கையால் தீனி வாங்கி வளர்ந்த பறவை மனிதனைத் தன் இனம் என்று நினைக்கும். இதில் ஒரு பயனும் உண்டு: அப்படி வளர்ந்த ஆண் பறவை பயப்படாமல் ஒத்துழைக்கும், செயற்கைக் கருவூட்டலுக்கு விந்து எடுக்கலாம். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் கானமயில் குஞ்சு பொரிந்தது இப்படித்தான். ராம்தேவ்ராவில் ஓர் ஆணைப் பொம்மைப் பெண் பறவையோடு பழக்கி விந்து எடுத்து, சாம் மையத்தில் இருந்த பெண்ணுக்குச் செலுத்தினார்கள். வளைகுடா நாடுகளில், கானமயில் குடும்பத்தையே சேர்ந்த ஹூபாரா பறவைக்குப் பல வருஷமாகச் செய்து தேறிய முறை இது, அபுதாபியிலிருந்துதான் நம் ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். 2025க்குள் மையங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட பறவைகள் சேர்ந்துவிட்டன.

ஆனால் ஆளோடு பழகிய பறவை கடைசிவரை மையத்தில்தான் இருக்க வேண்டும். வெளியே விடப்போகும் குஞ்சுக்கு மனிதக் குரலே கேட்கக் கூடாது, உருவமே தெரியக் கூடாது. உடம்பை மூடும் அங்கி, பறவைத் தலை போன்ற கைப்பொம்மை, மறைப்புக்குப் பின்னாலிருந்து தீனி. செல்ல மகள் மாதிரி வளர்க்கிற ஆசை வரும், வந்தால் அந்தக் கூண்டுப் பக்கம் வேறு ஆளை அனுப்புங்கள். தின்பதையும் பழக்க வேண்டும்: கிண்ணத்தில் வைத்த தீனியை மட்டும் தெரிந்த பறவை, வெட்டுக்கிளி எந்தப் புல்லில் உட்காரும் என்று தெரியாமல் பட்டினி கிடக்கும்.

எதிரியைத் தெரிந்துகொள்வது அடுத்தது. சவுதி அரேபியாவில் ஹூபாரா குஞ்சுகளை வைத்துச் சோதித்தார்கள். பொம்மை நரியைக் காட்டிப் பழக்கியதில் பெரிய பலன் இல்லை. உயிருள்ள நரியைப் பிடித்துக் கட்டுப்பாட்டோடு உள்ளே விட்டுப் பழக்கிய குஞ்சுகள்தான் வெளியே போன பிறகு அதிகம் பிழைத்தன. கேட்கவே பதறுகிறது, ஆனாலும் பயப்படக் கற்றுக்கொடுக்காமல் அனுப்புவது அதைவிடப் பெரிய கொடுமை.

நோய்ச் சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: விடுவதற்கு முன் தனிமைப்படுத்தல், ரத்தம், எச்சம், மறிமானாக இருந்தால் காசநோய், ஆட்டுக்கொல்லி நோய், கோமாரி. ஆட்டுக்கொல்லி நோய் கால்நடையிலிருந்து பரவி 2016, 2017ல் மங்கோலியாவின் சைகா மறிமான்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. விடும் இடத்தைச் சுற்றி இருக்கிற ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி போடுவதும் உங்கள் வேலைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

விடுவது

லாரியில் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டால் முடிந்தது என்று இல்லை. ஓமனில் 1980லேயே ஓரிக்ஸைக் கொண்டு வந்துவிட்டார்கள், ஆனால் சமவெளியிலேயே பெரிய அடைப்பு கட்டி அதில் மந்தையாகச் சேர்ந்து வாழவிட்டு, அந்த மண்ணின் புல்லையும் வெயிலையும் பழகிய பிறகுதான் 1982ல் திறந்தார்கள். திறந்த பிறகும் தண்ணீரும் தீனியும் கொஞ்ச நாள் அங்கேயே வைக்க வேண்டும், போகிறது போகட்டும், திரும்பி வருவது வரட்டும்.

வேலியை எப்போது எடுப்பது என்பது பெரிய கேள்வி. சவுதியின் மஹாசத் அஸ் சயீத் காப்பிடம் 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு, முழுக்க வேலி. திருட்டு இல்லை, 1990லிருந்து ஓரிக்ஸ் நன்றாகப் பெருகியது. ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் வேறு மேய்ச்சல் தேடிப் போக வழியில்லாமல் நூற்றுக்கணக்கில் செத்தன. பாலைவன விலங்குக்கு மழை எங்கே பெய்கிறதோ அங்கே நடந்து போவதுதான் பிழைப்பே. வேலியை எடுக்க முடியாத இடம் என்றால், எத்தனை விலங்கை அந்த நிலம் பஞ்ச வருஷத்தில் தாங்கும் என்று கணக்குப் போட்டு அதற்குமேல் பெருக விடக் கூடாது. நல்ல மழை வருஷத்துக் கணக்கை நம்பாதீர்கள்.

சாட் நாட்டில் வேலி இல்லாமலே செய்தார்கள். ஓரிக்ஸில் இன்னொரு இனமான வாள்கொம்பு ஓரிக்ஸ் காட்டில் அற்றுப்போனது என்று 2000ல் அறிவிக்கப்பட்டது. அபுதாபி அரசு பல நாட்டுக் கூண்டுகளிலிருந்து திரட்டிய மந்தையை, தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல் பரப்புள்ள ஒரு காப்பிடத்தில் 2016லிருந்து கூட்டம் கூட்டமாக விட்டார்கள். கழுத்தில் செயற்கைக்கோள் காலர், எங்கே மேய்கிறது, எங்கே செத்தது என்று தெரியும். 2023ல் அந்த இனத்தை அற்றுப்போனவை பட்டியலிலிருந்தே மேலே ஏற்றினார்கள். பறவைக்குக் கருவி பொருத்தும்போது அதன் எடை உடல் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று பொதுவாகப் பார்த்துக்கொள்வார்கள். செத்ததென்றால் அன்றே போய்ப் பார்க்க ஆள் வேண்டும். நரியா, நாயா, கம்பியா, பட்டினியா என்று தெரியாமல் அடுத்த கூட்டத்தை விடாதீர்கள்.

அந்த ஊர் ஆட்கள்

ஓமனில் ஓரிக்ஸைக் காவல் காத்தவர்கள் அந்தச் சமவெளியிலேயே ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் ஹராசிஸ் மக்கள். ராஜஸ்தானில் கானமயில் மிஞ்சியிருக்கும் இடங்களில் ஓரண் என்ற கோயில் மேய்ச்சல் காடுகள் உண்டு, சாமிக்குப் பயந்து மரம் வெட்ட மாட்டார்கள். புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். நம் கடற்கரையிலும் ஆமை எங்கே ஏறியது, தடம் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் சொல்வது மீனவக் கிராமத்து ஆட்கள்தான். அவர்களை வேலைக்கு எடுக்காத, அவர்களிடம் கேட்காத திட்டம் எதுவும் வேண்டாம். அங்கே போனால் இந்தியும் கொஞ்சம் மார்வாரியும் வேண்டும். ஆடு மேய்க்கிறவர் சொல்லும் ஒரு வார்த்தை உங்களுக்குப் புரியாமல் போனால், அன்றைக்குக் கூடு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

இங்கிருந்து எப்படித் தொடங்குவது

கால்நடை மருத்துவம் என்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ்காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிறவர்கள் கோழி இனப்பெருக்கம், செயற்கைக் கருவூட்டல் பாடங்களை மதிப்பெண்ணுக்காகப் படிக்காமல் கைப்பழக்கமாகவே கற்றுக்கொள்ளுங்கள். கடல் உயிரியல் பக்கம் போகிறவர்களுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம். விலங்கியல் படிக்கிறவர்கள் புள்ளியியலையும் மரபியலையும் கைவிடாதீர்கள், ஸ்டட்புக் வேலை முழுக்க அதுதான். பொரிப்பகத்தில் சேர்ந்தால் ஒவ்வொரு கூட்டுக்கும் தேதி, எடுத்த நேரம், புதைத்த நேரம், முட்டை எண்ணிக்கை, தினசரி மணல் சூடு எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு, அதனால் அந்த எண்ணை ஒருநாளும் விடாதீர்கள். பொரிந்த குஞ்சைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். வயிற்றில் இருக்கிற மஞ்சள் கருவின் பலத்தில்தான் அது ஆழ்கடல் வரை நீந்த வேண்டும். மணலில் விட்டால் தானே நடந்து போகும்.

ஆமை நடைக்கும் பொரிப்பகத்துக்கும் வர நினைப்பவர்கள் டிசம்பரிலேயே வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள், கல்லூரிக் கடிதம் இருந்தால் நல்லது. செருப்பு இல்லாமல் நடக்கப் பழகுங்கள், கறுப்பு அல்லது கருநீலச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டி வாருங்கள், செல்போன் வெளிச்சம் வேண்டவே வேண்டாம்.